ஓர் இணைப்பு, நான்கு லேப்டாப்: வீட்டுக்கு இணையம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை



கல்வி உதவித்தொகை கேட்டு விண்ணப்பிக்கும் பிள்ளைகளின் வீடுகளுக்கு ஆண்டுதோறும் நேரில் போய் வருவது நமது அறக்கட்டளையின் வழக்கம். பத்து ஆண்டுகளுக்கு முன் அந்த வீடுகளில் ஒரு கணினி இருந்தாலே பெரிய விஷயம். இப்போது நிலைமை வேறு. மூத்த மகனுக்கு அவன் வேலை பார்க்கும் நிறுவனம் ஒரு லேப்டாப் கொடுத்திருக்கிறது. அடுத்தவளுக்கு அரசுப் பள்ளியில் படித்தபோது கிடைத்தது ஒன்று. கல்லூரியில் படிப்பவனுக்குச் செகண்ட் ஹேண்டில் வாங்கியது ஒன்று. பிரான்சிலிருந்து வந்த சாச்சா விட்டுச் சென்ற பழையது ஒன்று. ஆக, லேப்டாப் நான்கு. இணைப்பு மட்டும் ஒன்று.

சென்ற ஆண்டு அப்படிப் போன ஒரு வீட்டில், பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கும் மகளின் மதிப்பெண் திடீரெனக் குறைந்திருந்தது. காரணம் கேட்டோம். "நெட்டுக்குக் குறை வைக்கவில்லை. வரியோடு சேர்த்து மாதம் ஆயிரத்துக்கு மேல் கட்டுகிறேன்" என்றார் அத்தா. அவர் சொன்னது உண்மைதான். ஆனால் எங்களுடன் வந்திருந்த சகோதரியிடம் அந்தப் பெண் வேறு ஒன்றைச் சொன்னாள். வைஃபை பெட்டி தெருப்பக்கம் ரேழியில் இருக்கிறது. அவள் படிப்பது பின்கட்டு அறையில். அங்கே சிக்னல் வராது. வகுப்பு கேட்க வேண்டுமானால் ரேழிக்கு வந்து உட்கார வேண்டும். அத்தாவைப் பார்க்க ஆட்கள் வருவார்கள், அண்ணனின் நண்பர்கள் வருவார்கள். அவர்கள் வந்ததும் இவள் லேப்டாப்பை மூடிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அன்றைய வகுப்பு அத்தோடு முடிந்தது.

அந்த வீட்டில் காசுக்கும் குறைவில்லை, வேகத்துக்கும் குறைவில்லை. பெட்டி இருந்த இடம்தான் தவறு. இருபது மீட்டர் கேபிளும் ஒரு பழைய ரவுட்டரும் அந்தக் குறையைத் தீர்த்தன. பிறகு அவர் பிளானையும் குறைத்துக்கொண்டார்.

இந்தப் பாடத்தில் நாங்கள் சொல்ல விரும்புவது இதைத்தான். எத்தனை எம்பிபிஎஸ் என்று கேட்பதற்கு முன்னால், நம் வீட்டில் யார், எந்த அறையில், எந்த நேரத்தில் உட்கார்ந்து படிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். மற்ற எல்லாம் அதற்குப் பிறகு.

நம் பக்கத்திலேயே ஒரு முன்மாதிரி

ஓர் இணைப்பைப் பலருக்குப் பங்கிடுவது நம் ஊருக்குப் புதிதல்ல. 1998ஆம் ஆண்டு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. அதன் தலைமை மையம் வில்லியனூரில் இருந்தது. நமது சுல்தான்பேட்டை மக்களுக்குக் கூப்பிடு தூரம். அன்றைக்குக் கிராமங்களில் தொலைபேசிக் கம்பியே அரிது. எனவே இணையம் வில்லியனூருக்கு மட்டும் வந்தது. அங்கிருந்து வானொலி அலை வழியாகச் சுற்றுக் கிராமங்களுக்குத் தகவல் போனது. வீராம்பட்டினம் மீனவர்களுக்காக, அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து கடல் அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் வாசித்தார்கள். மின்வெட்டைச் சமாளிக்கச் சூரிய மின்தகடும் வைத்திருந்தார்கள்.

அந்த மையங்களை அமைக்கும்போது ஒரு நிபந்தனை இருந்தது. ஊரில் ஆண், பெண், எந்தச் சாதியினர் ஆனாலும் தயக்கமின்றி வந்து போகக்கூடிய இடத்தை ஊர்மக்கள் தர வேண்டும் என்பதே அது. எல்லோரும் நெருங்க முடியாத இடத்தில் வைத்தால் எவ்வளவு நல்ல கருவியாலும் பயனில்லை. ஊருக்குப் பொருந்திய இந்த விதி வீட்டுக்கும் பொருந்தும்.

முதல் படி: வீட்டுக் கணக்கு

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இணையத்தில் சேரும் கருவிகளை எல்லாம் எழுதுங்கள்: லேப்டாப், கைப்பேசி, டிவி, கேமரா. ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விவரம் வேண்டும். யார் பயன்படுத்துகிறார், எந்த அறையில், எந்த நேரத்தில்.

பெரும்பாலான வீடுகளில் மஃரிபிலிருந்து இரவு பத்து, பதினொன்று மணி வரைதான் நெருக்கடி. வேலை, படிப்பு, டிவி எல்லாம் அப்போதுதான் கூடும். உறவினர்கள் பிரான்சில் இருக்கும் வீடுகளில் இன்னொன்றும் சேர்கிறது. குளிர்காலத்தில் பாரிஸ் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரை மணி நேரம் பின்னால். அவர்கள் மாலையில் வேலை முடித்து வீடியோவில் பேச உட்கார்ந்தால் இங்கே இரவாகிவிடும். நம் பிள்ளைகள் படிக்கும் நேரமும் அதுதான்.

அந்த நெருக்கடி நேரத்துக்கு ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். மகனுடைய அலுவலகக் கூட்டம் வீடியோவில், 4 எம்பிபிஎஸ். மகளின் வகுப்பு, 3. இன்னொரு பிள்ளை பார்க்கும் பாட வீடியோ, 5. உம்மாவும் சாச்சியும் பேசும் வீடியோ அழைப்பு, 2. டிவி, 5. மற்றக் கைப்பேசிகள் தாமாக இழுத்துக்கொள்வது, 5. மொத்தம் 24. எதற்கும் பாதி கூடுதலாக வைத்துக்கொண்டால் 36. ஆகவே இந்த வீட்டுக்கு 40 எம்பிபிஎஸ் தாராளம். டிவியில் 4கே படம் பார்ப்பவர்கள் 5க்குப் பதில் 15 என்று போட்டால் மொத்தம் 34. பாதி சேர்த்தால் 51. 30 எம்பிபிஎஸ் பிளான் இந்த வீட்டுக்குச் சற்று இறுக்கம்தான். ஆனால் 200, 300 எம்பிபிஎஸ் தேவையே இல்லை.

இங்கே ஒரு சொல் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பது. கோப்பின் அளவைச் சொல்லும் எம்பி என்பது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 40 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு 5 மெகாபைட்தான் இறங்கும். 1 ஜிபி கோப்பு இறங்க ஏறக்குறைய 200 நொடி, அதாவது மூன்று நிமிடம் 20 நொடி ஆகும். "40 போட்டேன், 5தான் வருகிறது" என்று சண்டை போடுவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள்.

அப்லோடு வேகத்தையும் கேட்டுக்கொள்ளுங்கள். நம் பக்கமிருந்து வெளியே போகும் வேகம் அது. வகுப்பில் நம் பிள்ளை கேள்வி கேட்கும்போது குரல் அறுந்து அறுந்து போனால் பெரும்பாலும் குறை அங்கேதான் இருக்கும். மேலே சொன்ன வீட்டில் மூன்று பேர் ஒரே நேரத்தில் வீடியோவில் பேசினால் அப்லோடு மட்டும் 7 எம்பிபிஎஸ் வரை தேவைப்படும்.

கைப்பேசி ஹாட்ஸ்பாட் போதாதா என்று கேட்கிறார்கள். வீடியோ வகுப்புக்கு இரண்டு பக்கமும் சேர்த்து 5 எம்பிபிஎஸ் என்றால், ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிபி செலவாகும். நாளுக்கு 2 ஜிபி தரும் ரீசார்ஜ் ஒரு வகுப்புக்கே போதாது. ஹாட்ஸ்பாட் அவசரத்துக்கு உதவும். அன்றாடப் படிப்புக்கு உதவாது.

இரண்டாம் படி: எந்த வகை இணைப்பு

ஃபைபர் கம்பி உங்கள் தெருவுக்கு வந்திருந்தால் அதையே எடுங்கள். பிஎஸ்என்எல், ஜியோ, ஏர்டெல் போன்ற நிறுவனங்களும், தெருவில் கேபிள் டிவி தரும் சிலரும் இதைத் தருகிறார்கள். முடியிழை போன்ற கண்ணாடிக் கம்பிக்குள் ஒளியாகத் தகவல் வருகிறது. பழைய செம்புத் தொலைபேசிக் கம்பியைப் போல இதில் மழை ஈரத்தால் இரைச்சல் வராது. கம்பி வர வழியில்லாத இடத்தில் 5ஜி அலை வழியாக வரும் வீட்டு இணைப்பைப் பார்க்கலாம். ஆனால் அதை மாடியில் வைத்துச் சோதித்துப் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

ஃபைபரிலும் ஒரு பங்கீடு இருக்கிறது. பரவலாக இருக்கும் முறையில், நிறுவனத்திலிருந்து வரும் ஓர் இழையின் கொள்ளளவு ஏறக்குறைய 2.5 ஜிகாபிட். அது வழியில் 32 அல்லது 64 வீடுகள் வரை பிரிந்து போகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் இழுத்தால் 64 வீடுகளில் ஒவ்வொன்றுக்கும் 39 எம்பிபிஎஸ் அளவே கிடைக்கும். எல்லோரும் ஒரே நொடியில் இழுப்பதில்லை என்பதால்தான் 100, 200 என்று விற்க முடிகிறது. ஆகவே விளம்பரத்தைவிடப் பக்கத்து வீட்டாரின் சொல் நம்பகமானது. உங்கள் வரிசையில் அதே நிறுவனத்தின் இணைப்பு வைத்திருப்பவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். இஷாவுக்குப் பிறகு எப்படி இருக்கிறது? போன மழையில் பழுதாகி எத்தனை நாளில் சரி செய்தார்கள்? ஒரே நிறுவனம் ஒரு தெருவில் நன்றாகவும் அடுத்த தெருவில் மோசமாகவும் இருக்கலாம். பழுது பார்க்க வரும் ஆளைப் பொறுத்தது அது.

மூன்றாம் படி: கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

சொல்லும் விலை பெரும்பாலும் வரி சேராத விலை. 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 399 ரூபாய் பிளானுக்கு 471 ரூபாய் கட்ட வேண்டியிருக்கும், 599க்கு 707, 999க்கு 1,179. 999 பிளானிலிருந்து 599 பிளானுக்கு இறங்கினால் வரியோடு ஆண்டுக்கு 5,664 ரூபாய் மிச்சம். தேவையில்லாத வேகத்துக்குக் கட்டும் பணம் வீண்விரயம்தான். அந்தத் தொகையில் ஒரு பிள்ளையின் புத்தகச் செலவு அடங்கும்.

'அன்லிமிடெட்' என்ற சொல்லுக்கும் எல்லை உண்டு. பல பிளான்களில் மாதம் 3,300 ஜிபி தாண்டினால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். எந்த அளவுக்குக் குறைப்பார்கள் என்று கேளுங்கள். பயப்படத் தேவையில்லை. மேலே கணக்குப் போட்ட 24 எம்பிபிஎஸ் வீடு, தினமும் ஐந்து மணி நேரம் முழுதாக இழுத்தாலும் மாதம் 1,620 ஜிபிதான் வரும்.

பொருத்துவதற்குக் கட்டணம் உண்டா, ரவுட்டருக்கு முன்பணம் உண்டா, அது திரும்பக் கிடைக்குமா என்பவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். ஆறு மாதம், ஓராண்டு முன்பணம் கட்டினால் சலுகை என்பார்கள். முதல் மூன்று மாதம் மாதக் கட்டணமாகவே கட்டிப் பாருங்கள். திருப்தியானால் நீண்ட பிளானுக்குப் போகலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள், வீடு மாறினால் இணைப்பை மாற்றித் தருவார்களா என்று கேட்க மறக்க வேண்டாம்.

ரவுட்டர் 2.4, 5 என்ற இரண்டு அலைவரிசையிலும் இயங்குமா என்பது முக்கியமான கேள்வி. மலிவான பிளான்களில் ஒரே அலைவரிசைப் பெட்டியைத் தந்துவிட்டுப் போவதும் உண்டு.

நான்காம் படி: பெட்டியை எங்கே வைப்பது

பொருத்த வரும் இளைஞர் கம்பி வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே பெட்டியை மாட்டிவிட்டுப் போகவே விரும்புவார். அவருக்கு வேலை சுருக்கம், கம்பியும் மிச்சம். நம்மில் பலரும் டீ கொடுத்து அனுப்பிவிடுகிறோம். அந்த ஐந்து நிமிடத்தில் எடுக்கும் முடிவு ஐந்து ஆண்டுகளுக்கு நிற்கிறது. அவர் வருவதற்கு முன்பே இடத்தைத் தீர்மானித்து, சுவரில் குறியும் போட்டு வையுங்கள். அந்த முடிவை எடுக்கும்போது பின் அறையில் படிக்கும் பிள்ளையையும் கூட வைத்துக்கொள்ளுங்கள்.

காஜியார் தெரு, முல்லா வீதி பக்கத்துப் பழைய வீடுகளை எடுத்துக்கொள்வோம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், பின்கட்டு என்று முன்னிருந்து பின்வரை நீண்டு போகும். சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒன்றரை அடி கனத்தில் நிற்கும். வெயிலைத் தடுக்கும் அதே கனம் வைஃபை அலையையும் தடுக்கும். இத்தகைய வீடுகளில் பெட்டிக்கு நல்ல இடம் முற்றத்தை ஒட்டிய கூடம். முற்றத்தின் வெற்றுவெளியில் அலை தடையின்றிப் போய், சுற்றியுள்ள அறைகளின் கதவு, சன்னல் வழியே நுழையும். தூறல் படாத இடமாகப் பார்த்து, தலைக்கு மேல் உயரத்தில் மாட்டுங்கள்.

புதிய மாடி வீடுகளில் சுவர் மெலிது. ஆனால் கான்கிரீட் தளத்துக்குள் இரும்புக் கம்பி ஓடுகிறது. கீழே வைத்த பெட்டி மாடிக்கு நன்றாக எட்டாது. படிக்கட்டு திறந்திருக்கும் பக்கமாக வைத்தால் ஓரளவு ஏறும்.

வைக்கக் கூடாத இடங்கள்: இரும்பு பீரோவின் மேல், டிவிக்குப் பின்னால், பிரிட்ஜின் ஓரம், மீன்தொட்டி அருகில், சமையலறையில் மைக்ரோவேவ் அடுப்புக்குப் பக்கத்தில். இரும்பும் தண்ணீரும் அலையை விழுங்கும். மைக்ரோவேவ் அடுப்பு 2.4 அலைவரிசையிலேயே இயங்குவதால் ஓடும்போது வைஃபையைக் குலைக்கும்.

2.4 அலைவரிசை தூரம் போகும், சுவரையும் ஓரளவு தாண்டும். ஆனால் வேகம் குறைவு. 5 அலைவரிசை வேகமானது. ஒரு கனமான சுவரிலேயே தளர்ந்துவிடும். பெட்டி இருக்கும் அறையில் வேலை செய்பவர் 5இல் சேரட்டும். அடுத்த அறைகளில் இருப்பவர்கள் 2.4இல் சேரட்டும். நம் குறுகிய தெருக்களில் கைப்பேசியைத் திறந்தால் பத்துப் பதினைந்து வீடுகளின் வைஃபை பெயர்கள் தெரியும். எல்லோரும் ஒரே சேனலில் பேசினால் சந்தையில் பேசுவது போலாகிவிடும். 2.4இல் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். பிள்ளைகளிடம் சொன்னால் எதில் நெரிசல் குறைவு என்று பார்த்து மாற்றிவிடுவார்கள்.

ஐந்தாம் படி: பின் அறைக்குக் கேபிள்

இடத்தைச் சரிசெய்த பிறகும் பின் அறைக்கு எட்டவில்லை என்றால் உடனே பிளானை உயர்த்திவிடாதீர்கள். நாங்களும் அந்தத் தவறைச் செய்தவர்கள்தான். நமது படிப்பகத்தின் உள் அறையில் வேகம் குறைகிறது என்று நான்கு மாதம் கூடுதல் கட்டணம் கட்டினோம். உள் அறையில் ஒரு மாற்றமும் இல்லை. வாசலில் வரும் தண்ணீரைக் கூட்டினால், அடைபட்ட குழாய்க்கு அப்பால் எப்படிப் போய்ச் சேரும்?

வழி எளிது. கேட் 6 எனப்படும் நெட்வொர்க் கேபிளை ரவுட்டரிலிருந்து பின் அறை வரை இழுங்கள். நூறு மீட்டர் வரை வேகம் குறையாமல் போகும். நம் வீடுகளுக்கு இருபது, முப்பது மீட்டர் போதும்; விலை சில நூறு ரூபாய்தான். ஒரே ஒரு லேப்டாப் என்றால் கேபிளை நேராக அதில் செருகலாம். இரண்டு, மூன்று பேர் உட்காரும் அறை என்றால், கேபிளின் முனையில் இரண்டாவது ரவுட்டர் ஒன்றை வையுங்கள். வீட்டில் சும்மா கிடக்கும் பழையது போதும். அதை அக்சஸ் பாயிண்ட் முறையில் மாற்ற வேண்டும். அந்த வசதி இல்லாத பழைய பெட்டியானால், முதல் ரவுட்டரோடு மோதாத முகவரியை அதற்குக் கொடுத்து, அதன் டிஹெச்சிபி வசதியை அணைத்து, கேபிளை அதன் லேன் துளையில் செருகினால் போதும். தெரிந்த இளைஞருக்கு இது அரை மணி வேலை.

சுவரில் செருகும் ரிப்பீட்டர் என்ற சிறு கருவியையும் கடையில் காட்டுவார்கள். அது அலையை வாங்கித் திரும்ப அனுப்புவதால் மலிவான வகைகளில் வேகம் ஏறக்குறைய பாதியாகும். கேபிள் இழுக்க வழியே இல்லாத வாடகை வீட்டுக்கு மட்டும் அதைப் பார்க்கலாம்.

ஃபைபர் இழையை மட்டும் நீங்களாக இழுக்கவோ மடக்கவோ வேண்டாம். உள்ளே இருப்பது கண்ணாடி. கதவிடுக்கில் நசுங்கினாலோ கூர்மையாக மடங்கினாலோ ஒளி நின்றுவிடும். பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஒளி வரவில்லை என்று பொருள். அப்போது அணைத்து அணைத்துப் போடுவதால் பயனில்லை, புகார் கொடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: குறை எங்கே என்று கண்டுபிடிப்பது

"நெட் சரியில்லை" என்று எல்லோரும் சொல்கிறோம். நிறுவனத்தின் குறையா, வீட்டின் குறையா என்று பிரித்துப் பார்க்க மூன்று சோதனை போதும். வேகம் அளக்கும் இணையதளம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். மற்றக் கருவிகளை அணைத்துவிடுங்கள்.

முதலில் லேப்டாப்பைக் கேபிளால் ரவுட்டரில் நேரே செருகி அளங்கள். அடுத்து, கேபிளை எடுத்துவிட்டு, அதே இடத்தில் வைஃபையில் அளங்கள். மூன்றாவதாகப் பின் அறைக்குப் போய் அளங்கள். முதல் அளவே குறைந்தால் நிறுவனத்திடம் கேளுங்கள். முதலாவது சரியாக இருந்து இரண்டாவது குறைந்தால் ரவுட்டரோ லேப்டாப்போ பழையது. முதல் இரண்டும் சரியாக இருந்து மூன்றாவது மட்டும் குறைந்தால் குறை நம் சுவரில் இருக்கிறது. பகலில் ஒரு முறை, இஷாவுக்குப் பின் ஒரு முறை என இரண்டு நாள் அளந்து தேதியோடு எழுதி வையுங்கள்.

நிறுவனத்தின் குறை என்றால் அதன் புகார் மையத்தில் பதிவு செய்து, புகார் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். எண் இல்லாத புகார் புகாரே அல்ல. சரியான தீர்வு வராவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் போகலாம். இந்த ஏற்பாட்டை டிராய் ஒழுங்குமுறை ஆணையம் கட்டாயமாக்கியிருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இலும் சொல்லலாம். எழுதி வைத்த அளவுகள் அப்போது கைகொடுக்கும்.

பூட்டும் மழையும்

ரவுட்டரோடு வரும் கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். வைஃபையில் சேரும் சொல் ஒன்று, ரவுட்டரின் உள்ளமைப்பைத் திறக்கும் சொல் வேறொன்று. இரண்டையும் மாற்ற வேண்டும். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2 அல்லது 3 என்று இருக்கட்டும். விருந்தினருக்கென்று தனிப் பெயரில் 'கெஸ்ட்' வைஃபை வைக்கும் வசதி பல பெட்டிகளில் உண்டு. அதைப் பயன்படுத்தினால் பிள்ளையின் லேப்டாப்பும் வந்தவரின் கைப்பேசியும் கலக்காது.

பக்கத்து வீட்டாருக்குக் கடவுச்சொல்லைக் கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். அண்டை வீட்டாரின் உரிமை பெரியது. ஆனால் அந்த இணைப்பில் ஏதாவது தவறு நடந்தால் விசாரணை முதலில் வருவது இணைப்பு யார் பெயரில் இருக்கிறதோ அவரிடம்தான். பல நிறுவனங்களின் நிபந்தனையும் இதை அனுமதிப்பதில்லை. எனவே கடவுச்சொல்லைக் கொடுப்பதைவிட, அந்த வீட்டுப் பிள்ளையை உங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்து படிக்கச் சொல்லுங்கள். அதுபோலவே, அனுமதியின்றி அடுத்தவர் வைஃபையில் நுழைவது அவர் பொருளை எடுப்பதுதான் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். இணையத்தில் பணம் ஏமாந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

நம் ஊரில் மழைக்கும் திட்டம் வேண்டும். 2011 டிசம்பர் 30இல் தானே புயல், 2024 நவம்பர் 30 இரவில் ஃபெஞ்சல் புயல், இரண்டும் நம் கரையில்தான் கடந்தன. ஃபெஞ்சலின்போது ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியதையும் தெருக்களில் தண்ணீர் நின்றதையும் யாரும் மறந்திருக்க மாட்டோம். அவ்வளவு பெரிய புயலுக்கு வீட்டு ஏற்பாடு ஏதும் தாங்காது. ஆனால் சாதாரண மின்வெட்டுக்கு ரவுட்டருக்கான சிறிய யுபிஎஸ் இருந்தால் போதும். லேப்டாப்புக்குத் தன் பேட்டரி இருக்கிறது. பெட்டி அணைவதால்தான் வகுப்பு அறுகிறது. பெட்டியின் அடாப்டரில் எத்தனை வோல்ட் என்று பார்த்து, அதற்கேற்ற யுபிஎஸ் வாங்குங்கள். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். இடி இடிக்கும்போது மின்செருகியைப் பிடுங்கிவிடுங்கள். சென்டாக் விண்ணப்பம், உதவித்தொகைப் படிவம் போன்றவற்றைக் கடைசி நாளுக்குத் தள்ளாமல் இருப்பது எல்லா யுபிஎஸ்ஸையும்விட மேல்.

யாருக்காக இந்த இணைப்பு

2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. கோழிக்கோடு பக்கத்துக் கல்லூரி ஒன்றின் மகளிர் விடுதியில் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை கைப்பேசி கூடாது என்று விதி போட்டிருந்தார்கள். அதை ஏற்காத மாணவியை விடுதியிலிருந்து நீக்கினார்கள். அவர் நீதிமன்றம் போனார். இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையிலும் தனிமனித அந்தரங்க உரிமையிலும் அடங்கும் என்று நீதிமன்றம் கூறி, அவரை மீண்டும் சேர்க்கச் சொன்னது.

வீட்டில் கட்டுப்பாடே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. இரவு இத்தனை மணிக்கு மேல் நெட் இல்லை என்ற விதி நல்லதுதான். பல ரவுட்டர்களில் நேரம் குறித்து வைக்கவும் முடியும். ஆனால் அந்த விதி மகனுக்கும் மகளுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். மகன் இரண்டு மணி வரை விளையாட்டு வீடியோ பார்க்க, மகள் வகுப்புக்காக ரேழியில் இடம் தேடுகிறாள் என்றால் அது கட்டுப்பாடு ஆகாது. முதலில் சொன்ன வீட்டில் யாரும் அந்தப் பெண்ணைப் படிக்காதே என்று சொல்லவில்லை. அவளுடைய அறைக்கு அலை எட்டுகிறதா என்று யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

வீட்டுப் பயிற்சி

இந்த வாரம் குடும்பமாக உட்கார்ந்து நான்கு காரியம் செய்யுங்கள். ஒன்று, கருவி, ஆள், அறை, நேரம் என்ற பட்டியலை எழுதி, மேலே சொன்னபடி எம்பிபிஎஸ் கணக்குப் போடுங்கள். இரண்டு, கடைசி மூன்று மாதப் பில்லை எடுத்து, கட்டும் பிளானும் தேவையும் பொருந்துகிறதா என்று பாருங்கள். மூன்று, மூன்று இடங்களில் வேகத்தை அளந்து எழுதுங்கள். நான்கு, வீட்டில் மிகவும் பின்னால், மிகவும் அமைதியாக உட்கார்ந்து படிக்கும் பிள்ளையிடம், "உனக்கு நெட் வருகிறதா?" என்று கேளுங்கள்.

பட்டியலோடு நமது அலுவலகத்துக்கு வந்தால், படிப்பகத்து இளைஞர்கள் பார்த்து யோசனை சொல்வார்கள். கேபிள் இழுக்கவும் பழைய ரவுட்டரை மாற்றி அமைக்கவும் கட்டணமின்றி உதவுவார்கள். வீட்டில் பயன்படாமல் கிடக்கும் நல்ல நிலையிலுள்ள ரவுட்டர், அடாப்டர், கேபிள் இருந்தால் கொண்டுவந்து கொடுங்கள். அவை இன்னொரு வீட்டின் பின் அறைக்குப் போய்ச் சேரும், இன்ஷா அல்லாஹ்.